கீசர் காயில் மறுபடியும் போய்விட்டது, சாஃப்ட்னர் வாங்கிவிடட்டுமா?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாடகை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. குழாயில் வருவது போர் தண்ணீரும் பொது விநியோகத் தண்ணீரும் கலந்தது. இந்த இரண்டு வருடத்துக்குள் 25 லிட்டர் கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் காயில் இரண்டு முறை எரிந்துவிட்டது. கீசரின் அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் பிளம்பர் அதை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். குளிர்ந்த தண்ணீரில்தான் துவைக்கிறார், துணி விறைப்பாக, மங்கலாக வருகிறது; ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினும் வாரண்டி முடிவதற்குள் நின்றுவிட்டது. பார்க்க வந்த டெக்னீசியன், “போர்டு போயிடுச்சு, உப்புத் தண்ணிதான் காரணம், வாரண்டியில வராது” என்று வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நடுவில் ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்து, டிடிஎஸ் மீட்டரில் 640 காட்டி, “உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 640” என்றிருக்கிறார். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, அது சேறு மாதிரி பழுப்பாக மாறுவதையும் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை. மகளின் முடி உதிர்வதற்கும் இதுதான் காரணமோ, வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் வந்துவிடுமோ என்று பயம். வீடு முழுக்க, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், “உப்புப் போடுற மெஷின் நமக்கு எதுக்கு?” என்கிறார். குழாயில் காந்தம் மாட்டினாலே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சாஃப்ட்னர் வாங்கலாமா, மெஷின் கம்பெனி சொல்வது சரியா, பேசாமல் குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் ஆர்ஓ தண்ணீரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து இதைப் படித்ததும் கீசரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த வால்வைச் சரிசெய்யும்வரை போடவே வேண்டாம்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 25 லிட்டர் தொட்டியில் சுமார் 350 மில்லி அதிகமாகிறது. கீசருக்குள் வரும் குழாயில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒரு வழி வால்வு இருக்கும். அதனால் விரிந்த தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி நீங்கள் சொல்லும் அந்த வால்வுதான். கீசர் சூடாகும்போது அது சொட்டினால் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்கச் சொட்டினால், உள்ளே சுண்ணாம்புத் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது மேலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். எப்படியானாலும் வால்வை மாற்றலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம், அடைக்கவே கூடாது. அடைபட்ட வால்வோடு, சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் தொட்டி வெடிக்கக்கூடும். குளியலறைக்குள் ஆள் இருக்கும்போதுதான் பெரும்பாலும் கீசர் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் இன்றே சொல்லி, புது வால்வு போட்டு, அதன் வாயிலிருந்து ஒரு சிறு குழாயைக் கீழே வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். சொட்டுவது உங்கள் கண்ணை உறுத்தாது.

சரி, இனி உங்கள் தண்ணீருக்கு வருவோம்.

640 என்பது எதன் எண்?

விற்பனையாளர் காட்டியது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். அதையும் அந்த மீட்டர் நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். சோடியம் அந்தக் கணக்கில் வராது. 640 டிடிஎஸ் உள்ள தண்ணீரின் கடினத்தன்மை 450 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம். முதல் தண்ணீர் கீசருக்கு எமன். இரண்டாவது, உப்புக் கரித்தாலும் அவ்வளவாகப் படிவு விடாது. சாஃப்ட்னர் மாட்டிய பிறகு அதே டிடிஎஸ் மீட்டரை வைத்தால் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. மெஷின் வேலை செய்யவில்லை என்று அப்போது பலர் சண்டைக்குப் போகிறார்கள். அளக்க வேண்டியதை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழுப்புச் சேறு பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அந்தக் கருவியில் உள்ள கம்பிகளில் ஒன்று இரும்பு. கரண்ட் பாயும்போது கரைந்து சேறாவது அந்த இரும்புதான்; உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதே ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ளக் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்குங்கள், அல்லது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கிட்டில் குறிப்பிட்ட அளவு தண்ணீரை எடுத்து நிறங்காட்டியைச் சேர்த்தால் திராட்சைச் சிவப்பாக மாறும். பிறகு இன்னொரு பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி எண்ண வேண்டும். நடுவில் ஊதா நிறம் வரும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிவப்பின் சாயல் துளியும் இல்லாத தெளிந்த நீலம் வரும்வரை விட வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் பார்த்தால் பிசகாது. சொட்டுகளை கிட்டில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். 60க்குக் கீழே மென்மையான நீர், 120 வரை மிதமானது, 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் பிரிவு. உங்களுக்கு வருவது கலப்புத் தண்ணீர் என்பதால், போர் ஓடும் நாளில் ஒரு முறையும் விநியோகத் தண்ணீர் வரும் நாளில் ஒரு முறையும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கீசருக்குப் போகும் தொட்டியில் எதை நிரப்புவது என்று உரிமையாளரிடம் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர வாய்ப்பிருக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்யச் சொல்வேன், இதை யாரும் சொல்வதில்லை. அதே தண்ணீர் ஒரு லிட்டரை ஒரு கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஆவியாகிப் போன அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஒரு லிட்டராக்கி, வடிகட்டி மறுபடி அளந்து பாருங்கள். முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைந்ததோ அதுதான் தற்காலிகக் கடினத்தன்மை, அதாவது பைகார்பனேட்டாக இருந்த பகுதி. சூட்டில் அது கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிகிறது. கொதிக்கவைத்த பிறகும் மிச்சமிருப்பது நிரந்தரக் கடினத்தன்மை. அது சோப்பைத் தின்னும், ஆனால் வீட்டுக் கீசரின் சூட்டில் அவ்வளவு எளிதில் படியாது. உங்கள் காயிலின் எதிரி தற்காலிகக் கடினத்தன்மைதான்.

சூடு படும் இடத்தில்தான் ஆபத்து

உங்கள் கடிதம் முழுக்க, தண்ணீர் போகும் இடமெல்லாம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்ற கவலை தெரிகிறது. அப்படி இல்லை. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். ஆகவே பச்சைத் தண்ணீர் ஓடும் குழாயிலும் சிங்க்கிலும் அது தரும் தொந்தரவு பெரும்பாலும் வெள்ளைக் கறைதான். நிஜமான சேதம் கீசர் காயிலிலும் கெட்டிலின் அடியிலும் ஸ்டீம் அயர்னின் துளைகளிலும் நடக்கிறது. அங்கே தண்ணீரின் சராசரிச் சூடு அல்ல, காயிலின் மேற்பரப்புச் சூடுதான் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தற்காலிகக் கடினத்தன்மை 300 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 லிட்டர் கீசர் வழியாகப் போனால் 30 கிராம் சுண்ணாம்பு அதில் கரைந்து போகிறது. பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் நாளுக்கு 3 கிராம், வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்பினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காயிலில் பிறக்கும் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலிலேயே தேங்கி, அது அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் வெடிக்கிறது. கீசர் போட்டதும் உள்ளே பட்பட்டென்று சத்தம் வந்தால், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் கரண்ட் பில் இரண்டு மடங்காகிறது என்று விற்பனையாளர் சொல்லியிருந்தால், அது மின்சாரக் கீசருக்குப் பொருந்தாது. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது; அதில் பிறக்கும் சூடு தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். நீங்கள் இழப்பது காயிலின் ஆயுளை. காஸ் கீசர் என்றால் கதை வேறு, அங்கே சூடு புகையோடு வெளியே போய்விடும், செலவு உண்மையிலேயே கூடும்.

ஆனால் இரண்டு காயிலும் படிவால்தான் போயின என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. கழற்றிய காயில் கையில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பாருங்கள். தடித்த வெள்ளை ஓடு மூடி, அதில் ஒரு துளி வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது என்றால் சுண்ணாம்புதான். ஓடு மெல்லியதாக இருந்து, உலோகத்தில் குண்டூசி குத்தியது போன்ற குழிகளும் வெடிப்பும் தெரிந்தால் அது அரிப்பு. போர் தண்ணீரில் குளோரைடு அதிகமாக இருந்தால் இப்படி ஆகும், சாஃப்ட்னர் அதைத் தடுக்காது. ஓடும் இல்லை, குழியும் இல்லை, ஒரே இடத்தில் கறுத்து உருகியிருக்கிறது என்றால் தொட்டியில் தண்ணீர் நிரம்புவதற்கு முன் சுவிட்சைப் போட்டிருக்கலாம். மேல்தொட்டி காலியாகும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. காயிலை மாற்றும்போது, துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து வெறும் கம்பியாகியிருந்தால் அடுத்து ஓட்டையாகப் போவது தொட்டி.

வாஷிங் மெஷினும் வாரண்டியும்

குளிர்ந்த தண்ணீரில்தான் துவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி உங்கள் பக்கம் பலமானது. ஃப்ரன்ட் லோடு மெஷினில் ஹீட்டர் இருந்தாலும், சூடான துவைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வேலை செய்யும். மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு தண்ணீர் படாத இடத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அங்கே ஏறிப்போய் அதைக் கெடுக்காது. ஹீட்டர் ஷார்ட் ஆகி போர்டின் ரிலேவை, அதாவது ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சை, எரித்திருந்தால் தொடர்பு உண்டு, ஆனால் அப்போது ஹீட்டரிலும் அதன் தடயம் இருக்கும். போர்டு போவதற்கு மின்னழுத்த ஏற்ற இறக்கம், ஈரம், பூச்சி என்று வேறு காரணங்களும் ஏராளம்.

எனவே வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். என்ன பழுது, எந்த பாகம், காரணம் என்ன, வாரண்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஹீட்டரைக் கழற்றிப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே எடுத்துவையுங்கள். கழற்றிய பாகத்தை அவர்கள் கொண்டுபோவதானால் ரசீது வாங்குங்கள். பிறகு வாரண்டி அட்டையையும் கையேட்டையும் பாருங்கள். படிவால் வரும் பழுது வாரண்டியில் சேராது என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. அது அப்படி இருந்தாலும், இந்தப் பழுது படிவால்தான் வந்தது என்று அவர்கள்தானே காட்ட வேண்டும்? நான் தண்ணீர்ப் பொறியாளன், வழக்கறிஞன் அல்ல. கம்பெனி பதில் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் தரும் வழி இருக்கிறது. எழுத்தில் வாங்கிய அறிக்கையும் உங்கள் கடினத்தன்மைச் சோதனை முடிவும் கையில் இருந்தால் அங்கே பேச்சுச் சுலபமாக முடியும்.

அதே நேரம் ஒன்றை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹீட்டர் வெள்ளையாக ஓடு கட்டியிருந்து, படத்தில் அது தெளிவாகத் தெரிந்தால், கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது சண்டையை நீட்டுவதைவிட, கூலி மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லியோ பாகத்தின் விலையில் தள்ளுபடி கேட்டோ பேசிப் பார்ப்பது நல்லது.

துணி விறைப்பாக, மங்கலாக வருவது வேறு விஷயம். அதற்குக் காரணம் கடின நீர்தான். கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியில் ஒட்டிக்கொள்கிறது. சோப்புக் கட்டி, சோப்புத் தூள் இவற்றைவிட நல்ல டிடர்ஜென்ட் கடின நீரைச் சமாளிக்கும், ஏனென்றால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருட்களை அதில் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டில் கடின நீருக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால் அந்த அளவைப் போடுங்கள், கண்ணால் பார்த்துக் கொட்ட வேண்டாம். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறினால் முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

சாஃப்ட்னர், காந்தம், ஆர்ஓ

எல்லாவற்றுக்கும் ஆர்ஓ என்பது வேண்டவே வேண்டாம். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்குப் பெரும்பாலும் அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாக வெளியேற்றுகிறது. குளிக்கவும் துவைக்கவும் அப்படிச் செய்வது தண்ணீருக்குச் செய்யும் அநியாயம். ஸ்டீம் அயர்னுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள், வெள்ளைத் துகள் துப்பாது.

காந்தம் கால்சியத்தை எடுப்பதில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்தால் அளந்தால் ஒரே எண் வரும். படிவு ஒட்டாத வடிவத்துக்கு மாறும் என்பது விற்பவர்களின் வாதம். ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. இதை நம்பி இரண்டு காயில் போன வீட்டில் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்களும் அப்படித்தான்: குளோரினைக் குறைக்கும், கடினத்தன்மையை அல்ல.

உண்மையில் கால்சியத்தை எடுப்பது ரெசின் (கால்சியத்தைப் பிடிக்கும் சிறு மணிகள்) உள்ள, உப்பு போட்டுச் சுத்தம் செய்யும் சாஃப்ட்னர்தான், உங்கள் கணவர் சொல்வது அந்த வகையில் சரி. ஆனால் வீடு முழுக்க வேண்டுமா? கடினத்தன்மை 400, நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் தினமும் 200 கிராம் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 40 முதல் 50 கிராம் வரை தாங்கும். ஆக 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷினை ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோ உப்பும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் போகும். அந்த உப்பு நீரைச் செடிக்கு விடக் கூடாது, மண் கெட்டுவிடும். எங்கே விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வீடு உங்களுடையது அல்ல, குழாயை வெட்டி இணைக்க உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். கீசருக்குப் போகும் 100 லிட்டரை மட்டும் மென்மையாக்குவதானால் ஐந்து லிட்டர் ரெசின் போதும், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும், அதனால் பரிசோதனையில் இரும்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான நீரில் மக்னீசியக் கம்பி வேகமாகக் கரையும் என்பதையும் மனதில் வையுங்கள், வருடம் ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும்.

கடினத்தன்மை 120க்குக் கீழே வந்தால் எதுவும் வாங்க வேண்டாம், காயில் போனதற்கு வேறு காரணம் தேடுங்கள். 250 வரை என்றால் வருடம் ஒரு முறை கீசரைத் திறந்து படிவு எடுப்பதும், சூட்டை அளவாக வைப்பதும் போதும் என்பேன். கீசருக்குத் தண்ணீர் வரும் குழாயில் மாட்டும், படிவைக் குறைக்கும் பாலிபாஸ்பேட் குப்பியும் ஓரளவு உதவும், ஆனால் சூடு மிக அதிகமாக இருந்தால் அதன் பலன் குறைந்துவிடும். 300ஐத் தாண்டினால் கீசருக்கான சிறு சாஃப்ட்னரை யோசிக்கலாம்.

சூட்டைப் பற்றி: 75, 80 என்று வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் கலந்து குளிப்பதுதான் படிவை வேகப்படுத்துகிறது. அதற்காக 40, 45க்கும் இறக்கிவிடாதீர்கள்; தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரி நல்ல நடுவழி.

மாமியார், மகள், சிறுநீரகக் கல்

மாமியாரின் கேள்வி நல்ல கேள்வி. ரெசினைக் கழுவும் உப்பு நேராகத் தண்ணீரில் கலப்பதில்லை, ஆனால் நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. 400ஐ நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம். உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் இதைக் குடிக்காமல் இருப்பதே நல்லது. குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஏற்கெனவே ஆர்ஓ இருக்கிறது, அது சோடியத்தின் பெரும் பகுதியை எடுத்துவிடும். சாஃப்ட்னர் கீசருக்கு மட்டும் என்றால் இந்தக் கேள்வியே எழாது. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பு போடலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீரகக் கோளாறோ சில இரத்த அழுத்த மாத்திரைகளோ இருப்பவர்களுக்கு அது ஆகாது. மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கடின நீரைக் குடிப்பதால் உடலுக்குக் கேடு என்று உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய காரணம் குறைவாகத் தண்ணீர் குடிப்பது. தண்ணீரின் கடினத்தன்மைக்குப் பயந்து குடிக்கும் அளவைக் குறைத்துவிடாதீர்கள், அதுதான் கெடுதல்.

மகளின் முடி வறண்டு, சிக்கலாக, கரடுமுரடாக இருப்பதற்குக் கடின நீர் காரணமாக இருக்கலாம். வேரோடு உதிர்வதற்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்தல் என்று மருத்துவர் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. சாஃப்ட்னர் வாங்கிவிட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகிவிடும். தோல் விஷயத்திலும் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்தார்கள்; 2011ல் முடிவு வெளியானது. வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியதால், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

கெட்டிலுக்கும் ஷவருக்கும்

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து கெட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். நுரைத்து, பிறகு அடங்கும். ஊற்றிவிட்டு இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பலர் அதைக் கொதிக்கவைக்கிறார்கள், அது தவறு: கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரைவது குறைவு, ஒரு படிவைக் கரைத்து இன்னொன்றைப் படியவைத்துவிடுவீர்கள். ஷவரின் முகத்தையும் கழற்றி இதே கரைசலில் ஊறப்போடலாம். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும், அல்லது பிளீச் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கீசருக்குள் நீங்களே அமிலம் ஊற்ற வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வால்வை மாற்றியதும், கொதிக்கவைக்கும் முன்னும் பின்னும் எடுத்த கடினத்தன்மை எண்கள், இரும்பு, குளோரைடு அளவு, பழைய காயிலின் படம் ஆகியவற்றை அனுப்புங்கள். மெஷின் கம்பெனி எழுத்தில் தரும் பதிலையும் சேர்த்து அனுப்பினால், அதில் உள்ள தொழில்நுட்பக் காரணம் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சாஃப்ட்னருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.